கறுப்புத் தக்காளியின் மவுசு

மொட்டைமாடியில் காய்த்த கறுப்புத் தக்காளிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கார வடிவாம்பாள் அந்தப் பாரம்பரிய விதையை எங்கிருந்தோ தருவித்து, நிழல்வலை கட்டி, புளித்த மோர் தெளித்து வளர்த்திருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "என்ன கறுப்பு பாருங்க! கண்ணுபடப் போகுது" என்பாள்.

"இந்த வீட்ல கறுப்புக்குத்தான் மவுசு" என்றது தக்காளி.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றது பக்கத்துத் தொட்டி மிளகாய்.

பழம் கனிந்ததும் வடிவாம்பாள் ஆசையாகப் பறித்தாள். இரண்டாக நறுக்கினாள். மகளை மாடிப்படியில் உட்காரவைத்து, அவள் முகத்தில் அழுத்தித் தேய்த்தாள்.

"அசையாதடி! சாயங்காலம் பொண்ணு பார்க்க வர்றாங்க. கொஞ்சமாவது வெளுக்க வேண்டாமா?"

தேய்த்து முடித்த சக்கையை மிளகாய்த் தொட்டியில் எறிந்துவிட்டுப் போனாள்.

சக்கையாய்க் கிடந்த தக்காளி மிளகாயிடம் மெல்லக் கேட்டது:

"ஏம்ப்பா, நான் ரொம்பக் கறுப்போ?"