பச்சை மட்டும்

சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் பச்சை எரிந்தது.

மரேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பச்சைதான்.

எச்சிலில் கொக்கெயின் இருந்தால் ஒரு டி.என்.ஏ. இழை அதைச் சுற்றி மடங்கிப் பச்சையாக ஒளிரும். மது இருந்தால் இன்னோர் இழை சிவப்பாக ஒளிரும். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் கைகோத்து மஞ்சளாகும். இப்படித் தனக்கென்று உள்ளதை மட்டும் தேடிப் பிடிக்கும் இழைக்கு ஆப்டமர் என்று பெயர்.

தேடிப் பிடித்த லட்சணம்தான் தெரிகிறதே.

செவ்வாய்க்கிழமை போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் இந்தச் சோதனையைப் பார்க்க வருகிறார்கள்.

குடித்தவர்களின் எச்சில் வேண்டுமென்றால் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைவிட நல்ல நேரம் கிடையாது. கீழ்த்தளத்திலேயே மதுக்கூடம் நடக்கும். மொத்தத் துறையும் அங்கேதான் நிற்கும். மரேன் குழாய்களோடு இறங்கிப் போனாள். பீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே துப்பிக் கொடுத்தார்கள்.

ஆய்வகத்துக்குத் திரும்பி வைத்துப் பார்த்தால் எல்லார் எச்சிலும் ஒழுங்காகச் சிவந்தது, ஒன்றைத் தவிர.

அது அவள் கணவன் தோர்பெனுடையது. மேல்மாடியில் கணினியோடு மல்லுக்கட்டுகிறவன். இன்றும் உயரமான தம்ளரும் ஐஸும் எலுமிச்சை வில்லையுமாக ஜன்னலோரம் நின்றிருந்தான். அவளைப் பார்க்காமல் துப்பிக் கொடுத்தான்.

“அந்த ஆளோட எச்சில்கூட எனக்கு எதிராத்தான் நிக்குது” என்றாள் மரேன்.

பீர் வாசனையோடு மேல்கோட்டை எடுக்க வந்த ஊல்ரிக், பக்கத்து மேஜைக்காரன், எட்டிப் பார்த்தான்.

“வீட்டுச் சண்டையை இங்க கொண்டுவராத தாயே. என்ன குடிச்சிட்டிருந்தான்?”

“வேற என்ன? ஜின்னும் டானிக்கும்தான். வாரம் தவறாம.”

“அப்ப அது டானிக் சோடாவுல இருக்குற கசப்பு, கொய்னா. உன் இழைக்குக் கொக்கெயினைவிடக் கொய்னாமேலதான் காதல் ஜாஸ்தி. படிச்சதெல்லாம் எங்க போச்சு?”

மரேன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். முதல் வருடமே படித்தது. தோர்பென் பெயரைக் குழாயில் எழுதினாலே அவளுக்கு மூளை வேலை செய்வதில்லை.

சரி, பச்சைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சிவப்புக்கு என்ன கேடு?

ஏப்ரலில் ஒருநாள் அவன், “குடியை விட்டுட்டேன்” என்று சொன்னான். அந்த வெள்ளிக்கிழமையே கீழ்த்தளத்தில் அவன் கையில் அதே தம்ளரைப் பார்த்துவிட்டு, அவன் முகத்துக்கு நேரே சிரித்தாள் மரேன். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் மாடி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். அவளும் பக்கத்தில் போகவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் துறைமுகத்துப் பக்கம், தான் மட்டும் குடிபோக ஒரு வீட்டுக்கு வாடகைக் கையெழுத்துப் போடப் போகிறாள்.

தோர்பெனின் எச்சிலை மறுபடி வைத்தாள். பச்சை மட்டும்.

ஊல்ரிக்கைத் துப்பச் சொல்லி, அதை வைத்தாள். பளிச்சென்று சிவப்பு.

“சனியனே, இப்ப மட்டும் எப்படி எரியிற?” என்று குழாயைத் திட்டினாள்.

கடைசியாக, மேஜைமேல் துடைக்க வைத்திருந்த சாராயப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, தோர்பெனின் குழாயிலேயே விட்டாள்.

பச்சை மெல்ல மங்கியது. மஞ்சள் எழுந்தது.

“அடேயப்பா, எல்லாமே வேலை செய்யுது. போலீஸ் வரட்டும், ஒரு கவலையும் இல்ல” என்றான் ஊல்ரிக்.

மரேன் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் விட்ட ஒரு சொட்டைத் தவிர அந்தக் குழாயில் மது இல்லை.

கையுறையைக் கழற்ற மறந்து படியிறங்கினாள்.

தோர்பென் அதே ஜன்னலோரம் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் சலித்துக்கொண்டான்.

“இன்னும் துப்பணுமா?”

அவள் அவன் கையிலிருந்த தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். கசந்தது. கசப்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

“ஏன் சொல்லல?” என்றாள்.

“சொன்னேனே” என்றான் தோர்பென். “நீ சிரிச்ச.”