முலாம் நிற்காத முகம்

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கக் கழற்றியபோது, சக்கரத்துக்குள் சுழலும் பிரேக் டிஸ்க்கும் அதன் பக்கத்திலேயே இருக்கும் போல்ட்டும் முலாம் பட்டறைக்குச் சேர்ந்தே போய்வந்தன. போகும்போது இரண்டும் துருப்பிடித்த தரித்திரங்கள். வரும்போது பொன்னாட்டம் மின்னின.

டிஸ்க்குக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மெக்கானிக் இருதயம் அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"பிரேக் பேடு பிடிக்கிற இடத்துல போய் யாராவது முலாம் போடுவாங்களா? வழுக்கிட்டுப் போயிடுமே!"

உப்புத்தாளை எடுத்து, டிஸ்க்கின் முகத்தைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டார். நடுவிலும் விளிம்பிலும் மட்டும் பொன் மிஞ்சியது.

"அடடா, மூஞ்சி போச்சே!" என்று போல்ட் உச்சுக்கொட்டியது. "எதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்."

டிஸ்க்குக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த மறுநாள், மழையில் கார் மலையிறங்கியது. ஒரு வளைவில், நடுரோட்டில் எருமை ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இருதயம் பிரேக்கை மிதித்தார். பேடுகள் இரண்டு பக்கமும் கவ்வின. டிஸ்க்குக்கு உடம்பெல்லாம் கொதித்தது; ஆனால் வழுக்கவில்லை. எருமையின் வாலுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடிவாரம் வரைக்கும் வளைவுக்கு வளைவு மிதியும் பிடியும்தான். கீழே வந்து நின்றதும், சேறு அப்பிக் கிடந்த போல்ட் பதறியது.

"டேய், என் மூஞ்சி எப்படிடா இருக்கு?"

"நீயே பார்த்துக்கோ" என்று, பேடுகள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாய்ப் பளபளத்த தன் முகத்தைக் காட்டியது டிஸ்க்.