புயல்வீரனின் மூக்கு

மணமேடையில் இருந்தவர்கள்: நான், என் மகன் இளஞ்சேரன், மணமகள் யாழினி, அவள் தம்பி பரிதி, சேனல் வக்கீல். அழைக்காமலே வந்தவர் ஒருவர், புதிய புயல்வீரன்.

பல ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடரில் புயல்வீரனாகப் பறந்தவன் என் மகன். அவன் விலகியதும் ஒப்பந்தப்படி அவன் முகம் சேனலுக்குச் சொந்தமாகிவிட்டது. இப்போது அதைப் புது நடிகர் அணிகிறார். என் மகன் வெளியில் வந்தால் முகத்தை மூட வேண்டும். மணமேடையிலும் பட்டுத்துணிக்குள்தான் அமர்ந்திருந்தான்.

மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வந்த பரிதி, நேரே புது நடிகரிடம் போனான்.

"கையை நீட்டுங்க மாமா."

அவரும் கூசாமல் நீட்டினார்.

"டேய், மாப்பிள்ளை நான்டா!" என்றான் என் மகன்.

"தோழனா இருந்தா கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய்த் துணியை விலக்கினேன்.

வக்கீல் பதறினார். "மூடுங்க ஐயா, அது எங்க முகம்."

"அந்த மூக்கு எங்கப்பாவோடது!" என்றேன்.

"அதையும் சேர்த்துத்தான் உங்க பையன் எழுதிக் குடுத்திருக்கார்."

மகன் தலைகுனிந்தான். நானே துணியை மூடினேன்.

கடைசி நேரத்தில் மாப்பிள்ளை மாறிவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். அது பொய். தாலி கட்டியவன் என் மகன்தான். கல்யாண ஆல்பத்தில் இருப்பவர்தான் வேறு.