சுவரோரத்து ஈரம்

ஃபிரிட்ஜுக்குள் ஓடும் மெல்லிய செப்புக் குழாயில், குளிர்திரவம் கொதித்து ஒரு குமிழி பிறந்தது. கடுகளவில் பிறந்தது, கண்மூடித் திறப்பதற்குள் குழாயையே அடைத்துக்கொண்டது. குழாயின் உட்சுவரோரம் மெல்லிய படலமாக ஒட்டியிருந்த குளிர்திரவ ஈரத்துக்கு அசையவும் இடமில்லை.

"தள்ளிக்கோங்க அக்கா, பாலைக் குளிர வைக்கிற வேலை எனக்குக் கிடக்கு," என்றது குமிழி.

ஈரம் நகரவில்லை. பாலின் சூடு சுவர் வழியே கசிந்து வந்தது. அதை வாங்க வாங்க ஈரம் மெலிந்துகொண்டே போனது. தான் தீர்ந்துவிட்டால் பால் திரிந்துவிடுமே என்றுதான் அதற்குக் கவலை.

"சும்மா ஒட்டிக்கிட்டிருந்தும் இப்படி இளைச்சிட்டீங்களே! என்னைப் பாருங்க, எப்படி வளர்றேன்!"

ஈரம் பாலின் மிச்சச் சூட்டையும் வாங்கிக்கொண்டது. தூக்கத்தில் நழுவுவதுபோல ஆவியாகி, கடைசித் துளியும் மறைந்தது. குமிழி இன்னும் பெருத்தது.

சுவர் காய்ந்தது. "பால் வெதுவெதுன்னு ஆகுதுப்பா, சீக்கிரம் குளிர வை," என்று பதறியது குழாய்.

குமிழி உப்பிப் பார்த்தது, உருண்டு பார்த்தது. சூடு இறங்கவே இல்லை.

"அக்கா! எங்க போயிட்டீங்க?"

அதன் வயிற்றுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"இங்கதான் இருக்கேன், தம்பி."