கினாகோவுக்குக் குளிரக் கூடாது

கரண்ட் போனதும் மிட்சுயோ ஓடியது பல்லியிடம்தான்.

சாயங்காலம் நாலரைக்கே வட ஜப்பானின் ஹிரோசாகியில் இருட்டிவிட்டது. வெளியே பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. மண்ணெண்ணெய் ஹீட்டரும் அணைந்துபோனது. எண்ணெய் நிறைய இருந்து என்ன பிரயோஜனம், அதன் காற்றாடிக்குக் கரண்ட் வேண்டுமே.

கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் இருந்த சூட்டுத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஆற ஆரம்பித்திருந்தது.

"இதோ வந்துட்டேன்டி, பயப்படாத."

கினாகோ அவள் கணவன் மசனோரியின் செல்லம். ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், கொழுத்த வால். குஞ்சாக வாங்கி வந்து, வறுத்த சோயாமாவின் நிறம் என்று அந்தப் பெயரை வைத்தவன் அவன்தான்.

கம்பெனி அவனைத் தூரத்து நகோயாவுக்கு மாற்றியபோது, ஊரில் எல்லா ஆண்களும் போவதுபோல அவனும் தனியாகத்தான் போனான். கூரைப் பனியைத் தள்ள ஆள் இல்லாவிட்டால் வீடு நசுங்கிவிடும், அதனால் மிட்சுயோ இங்கேயே இருந்தாள். கினாகோவை மட்டும் அவன் கையோடு எடுத்துக்கொண்டான்.

இந்தப் புத்தாண்டு லீவுக்கு வந்தபோது திருப்பிக் கொண்டுவந்து விட்டான்.

"பகல் பூரா நான் ஆபீஸ்ல. ரூம் ஐஸா ஆயிடுது. நீயே பாத்துக்க. நான் பக்கத்துல இருக்கறதா நெனச்சுக்கோ."

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். கட்டினவன் அப்படியெல்லாம் பேசுகிற ஆளே இல்லை.

அன்றிலிருந்து அந்த ஓர் அறைக்கு மட்டும்தான் சூடு. சமையல்கட்டில் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு குடோ அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நீ நடுங்கியே சாவு. அது மகாராணியாட்டம் தூங்கட்டும்."

சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி கினாகோவைத் தூக்கினாள். வயிறு வற்றிக் கிடந்தது. அவளுக்குப் பகீர் என்றது. நோயா, பட்டினியா, அவனுக்கு என்ன பதில் சொல்வது?

அவசரமாக ஸ்வெட்டருக்குள் விட்டு, தன் வயிற்றோடு சேர்த்துச் சால்வையால் கட்டிக்கொண்டாள். பெட்டிக்குள் சூட்டுப் பொட்டலம் வைக்கலாம் என்று ஈரப் பாசியை விலக்கினாள்.

பாசிக்குள் வெள்ளையாக இரண்டு முட்டைகள்.

"அடிக் கள்ளி!" சிரிப்பு வந்துவிட்டது. நோயும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆண் இல்லாமலும் முட்டை போடும், கோழி போடுவதில்லையா. கூமுட்டையாக இருக்கும், எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கல்யாணத்துக்கு முன்பு அவள் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை பார்த்தவள். வெளிச்சத்தில் காட்டி முட்டைக்குள் கரு இருக்கிறதா என்று பார்ப்பதே வேலை. கை தானாக டார்ச்சை முட்டையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது.

உள்ளே நூல் நூலாகச் சிவப்பு நரம்பு ஓடியது.

அடுத்ததையும் பார்த்தாள். அதிலும் ஓடியது.

இந்த வீட்டில் வேறு பல்லி கிடையாது. நகோயாவிலும் கிடையாது. "நானும் கினாகோவும் ரெண்டு ஒண்டிக்கட்டைங்க" என்று போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் அவன்தானே.

நண்பன் எவனாவது வளர்க்கிறானோ? ஜோடி சேர்த்துப் பார்த்திருப்பானோ? மனசு அவனுக்காக வக்காலத்து வாங்கிப் பார்த்தது. கினாகோ தோல் உரித்தால்கூட அரை மணி நேரம் போனில் சொல்கிறவன், இதை மட்டும் சொல்லாமல் விடுவானா? சொல்ல முடியாத வீடாக இருந்தால்தான் விடுவான்.

மிட்சுயோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏமாந்தாளே, இப்படியா ஏமாறுவாள்! அவன் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இந்தக் குளிர் முழுக்க விறைத்துக் கிடந்தவள் அவள். அவன் எங்கே, யார் பக்கத்தில் கதகதப்பாகக் கிடந்தானோ.

சால்வையை அவிழ்த்தாள். கினாகோவைத் தூக்கி அந்தக் குளிர்ந்த பெட்டியில் எறிந்துவிட வேண்டும் போலிருந்தது. அது நாலு காலாலும் அவள் வயிற்றைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. வாயில்லா ஜீவன், அது என்ன செய்யும். மறுபடி கட்டிக்கொண்டாள்.

போன் அடித்தது. மசனோரி.

"நியூஸ்ல பாத்தேன், அங்க கரண்ட் இல்லையாமே! கினாகோ எப்படி இருக்கா? குளிர விட்டுடாத!"

'நீ எப்படி இருக்கே' என்று கேட்பான் என்று கொஞ்சம் பொறுத்தாள். கேட்கவில்லை.

"வயித்துல வச்சுக் கட்டியிருக்கேன்" என்றாள். "முட்டை போட்டிருக்கா. ரெண்டுலயும்…" சால்வை முடிச்சை இறுக்கினாள். "கரு இருக்கு."

"நெஜமாவா!" சந்தோஷத்தில் அவன் குரல் கீச்சிட்டது. "நான்தான் சொன்னேன்ல, சினை புடிச்சிருக்கும்னு!"

சொல்லியிருப்பான். மிட்சுயோவிடம் இல்லை.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"மிட்சுயோ…" என்றான்.

"சொல்லுங்க" என்றாள் அவள். "அப்பன்காரன் யார் வீட்ல இருக்கான்?"