வெளிச்சத்தில் பிடித்த பழம்

பழக் கிடங்கில் மாசிலாமணிக்கு வேலை, ஒவ்வோர் ஆரஞ்சாக விளக்கின் மேல் வைத்து உள்ளே அழுகல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஊரிலிருந்து வந்த தங்கை தேன்மலர், தன் வீட்டு மரத்தின் முதல் காய்ப்பென்று பை நிறைய ஆரஞ்சு கொடுத்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கை ஒரு பழத்தைக் கைப்பேசி விளக்கின் மேல் வைத்திருந்தது. சிவந்து ஒளிர்ந்த பழத்தின் நடுவே கறுப்பாக ஒரு திட்டு. நிமிர்ந்தான். தங்கையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கை அணைத்து, அந்தப் பழத்தையே உரித்து, கசந்த சுளைகளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றான்.

"நல்லா இனிக்குதும்மா."

அடுத்த முறை வந்தபோது அவள் டிபன் பாக்ஸைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். கொட்டை நீக்கிய சுளைகள்.

"ஒவ்வொண்ணா பாத்து உரிச்சேண்ணே. பயமில்லாமச் சாப்பிடு."