அமைச்சர் வீட்டுக் காப்பி

"மகளைப் புதுத்துணி உடுத்திக்கிட்டுத் தயாரா இருக்கச் சொல்லு," என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார் நிதியமைச்சர் ஃபவ்வாஸ். கூடத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் பர்ஜஸ் ஊர்ப் பெரியவர்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, அவங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் எங்கிட்ட வந்து பேசலையே?"

"அவரு மகனும் நம்ம பொண்ணும் ஒரே காலேஜ். ஊரே பேசுது, நீ வேற!"

ஃபவ்வாஸுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அவர் மண்ணெண்ணெய்க்குப் போட்ட வரியையும், அதே மாதம் அமைச்சகத்துக்கு வாங்கிய புதுக் கார்களையும் நாடாளுமன்றத்தில் கிழிகிழியென்று கிழித்தவர் பர்ஜஸ். சம்பந்தியாகிவிட்டால் அந்த வாய் தானாக மூடிக்கொள்ளும்.

"நல்லா கத்துங்க. தொண்டைக்கு நான் இன்னும் வரி போடல," என்று ஃபவ்வாஸ் அன்றைக்குச் சொன்னதும் ஆளுங்கட்சி வரிசையே சிரித்தது. குளிர் நடுக்கும் அஜ்லூன் மலையில் பர்ஜஸின் தொகுதி ஜனங்களோ, கணப்புக்கு மண்ணெண்ணெய் வாங்க வழியில்லாமல், காய்க்கிற ஆலிவ் மரங்களை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பர்ஜஸுக்கு வயிறு எரிந்தது.

அப்படிப்பட்டவரே படியேறி வந்திருக்கிறார். பிள்ளைப் பாசம் யாரை விட்டது!

வந்த பெரியவர்களில் மூத்தவரான ஷேக் முஃப்லிஹ் தனக்கு ஊற்றிய காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். எதையாவது கேட்டு வருகிறவர்களின் வழக்கம் அது. கேட்டதைக் கொடுக்கச் சம்மதம் என்றால்தான் வீட்டுக்காரர் 'குடியுங்கள்' என்பார். சொல்லிவிட்டு மாறினால் அவர் வாசலை அப்புறம் எந்தக் குலமும் மிதிக்காது.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கோம்..." என்று ஷேக் தொடங்கினார்.

ஃபவ்வாஸ் கையமர்த்தினார். பத்திரிகைக்காரர்கள் வேறு படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெருந்தன்மையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் ஏது?

"கேக்கவே வேணாம், ஷேக்! காப்பியைக் குடிங்க. வந்த காரியம் ஆச்சு. இது என் வாக்கு!"

ஷேக் ஒரே மடக்கில் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். பர்ஜஸ் கடைசிச் சொட்டுவரை ருசித்துக் குடித்தார்.

"அப்புறம் என்ன சம்பந்தி, கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?" என்று அவர் தோளைத் தட்டினார் ஃபவ்வாஸ்.

"யாருக்குக் கல்யாணம்? மண்ணெண்ணெய் வரியை எடுங்கன்னு கேக்கத்தான் வந்தோம்."